ஏணிக்குச் செருப்பு

அந்தப் பையச் சித்த அக்கட்டால நகத்தி வெச்சுக்குங்க அம்மிணி. மடியில வேண்டாம். உள்ளார பூராவும் வரமொளகா. பஸ்ஸு குலுங்குனா நெடி ஏறி, உங்களுக்குக் கண்ணத் தொறக்க முடியாது. எனக்குப் பழகிப் போச்சு.

சமையலுக்கில்லீங்க, அம்மனுக்கு. ஆமா, மொளகா அரைக்கற கோயிலுக்குத்தான். நீங்க அதத் தாண்டிப் போறீங்களா? டேமுக்குப் பக்கத்துலயா? பள்ளிக்கூடத்துல வேலைங்களா? பாத்தாலே தெரியுது. நான் கோயில் ஸ்டாப்புல எறங்கீருவன். அங்க கல்லுப் போட்டு வெச்சிருக்கறாங்களாம், நம்மளே ஒக்காந்து அரைச்சு அம்மன் மேல அப்போணும். நமக்குக் கெடுதல் பண்ணினவங்க ஆரோ, அவங்களுக்கு ஒடம்பு பூரா எரியுமாம். பலிச்சதுக்கப்பறம் திரும்பி வந்து, அம்மனுக்கு எண்ணெய் சாத்திக் குளுர வெக்கோணும். எங்க வீதியில ஒருத்தி மாடு களவு போனதுக்கு அரைச்சா. களவாண்டவன் தானே கொண்டாந்து கட்டீட்டுப் போயிட்டான். மாடு எளைச்சுப் போயிருந்துச்சு, அது வேற கதை.

ஆரு மேல அரைக்கப் போறீங்கன்னு கேட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்குக் கொழப்பம். ரெண்டு பேரு இருக்கறாங்க. ஒருத்தன் ஏணியப் புடிச்சவன். ஒருத்தரு ஏணிய வித்தவரு. ரெண்டு பேருல ஒருத்தராலதான் என்ற ஊட்டுக்காரர் இடுப்புக்குக் கீழ ஒண்ணுந் தெரியாமக் கெடக்கறாங்க. எவருன்னு எனக்குத் தெரியல. அம்மனுக்குத் தெரியுமில்ல? அது போதும்.

அவியளுக்கு போர்டு மாட்டற வேலைங்க. கடைக்கு மேல பேரெழுதி, உள்ளார லைட்டுப் போட்டு மாட்டுவாங்கல்ல, அதுதான். எங்க ஊர்க் கடைவீதியில பாதி போர்டு அவிய மாட்டினது. பஸ்ஸுல போறப்ப ஒவ்வொண்ணாக் காட்டுவாங்க. "கலா, அந்த பேக்கரி நாந்தான். அந்த ஆஸ்பத்திரி நாந்தான்." மத்தவங்க கடைக்குள்ள என்ன இருக்குதுன்னு பாப்பாங்க, நான் போர்டு நேரா இருக்குதான்னு பாப்பன். கலாமணிங்கறது எம்பேரு. அவிய மட்டும் கலாம்பாங்க.

கொழந்த குட்டி கெடையாதுங்க எங்களுக்கு. அவியளுக்கு நானு, எனக்கு அவிய. அதனால எனக்குப் பயம் சாஸ்தி. மொதல்ல ஒரு மூங்கில் ஏணி வெச்சிருந்தாங்க. என்ற மாமனார் வாங்கினது. குறுக்குக் கட்டை ரெண்டு விட்டுப் போயி, கயித்துல இழுத்துக் கட்டியிருக்கும். ஏறினா கிறீச்சுங்கும். அவிய அது மேல நிக்கற நேரம் பூராவும் எனக்குச் சோறு எறங்காது. போன் பண்ணுவன். "எறங்கீட்டீங்களா?" "இப்பத்தான புள்ள ஏறினன்." சித்த நேரங் கழிச்சு மறுக்காப் பண்ணுவன். ஏணி மேல நிக்கறவரு ஒரு கையில போனெடுக்கறது ஆபத்துங்கக்கான்னு தண்டபாணி ஒருக்காச் சொன்னான். அவன் கெடக்கறான்.

தண்டபாணிதாங்க நான் சொன்ன மொத ஆளு, ஏணியப் புடிச்சவன். அவியளுக்கும் அவனுக்கும் ஒரே வயசு. கல்யாணமாகி நான் இந்த ஊட்டுக்கு வந்ததுல இருந்து அவிய கூடத்தான் வேலைக்குப் போறான். அவிய மேல ஏறுவாங்க, இவன் கீழ காலப் புடிச்சுக்குவான். என்ற கையில எத்தன நாளுச் சோறு தின்னிருப்பான்! கூடப் பொறந்தவனாட்டத்தான் நெனச்சிருந்தன். அக்கா அக்கான்னு வாய் நெறையாக் கூப்புடுவான்.

மூங்கில் ஏணிய வெட்டி அடுப்பெரிச்சது நாந்தானுங்க. அவிய குளிக்கப் போயிருந்தப்பக் கொடுவாள எடுத்துத் துண்டு துண்டாப் போட்டுட்டன். வந்து பாத்துட்டு, "ஏ புள்ள, ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல"ன்னு தலையில கைய வெச்சுக்கிட்டு ஒக்காந்துட்டாங்க. கேட்டா உடுவாங்களா? நல்லதுன்னு மனசுல பட்டுச்சுன்னா நான் ஆரையுங் கேக்க மாட்டனுங்க. செஞ்சுபோடுவன். அப்பிடியே வளந்துட்டன்.

அப்பறம் ரெண்டு பேரும் ஏணிக்கடைக்குப் போனம். ஏணின்னா ஏணி, அதுல என்ன இருக்குதுன்னு நெனச்சிருந்தன். அங்க போனா, பொண்ணு பாக்கப் போன மாதிரி வகை வகையா நிக்குது! ரெண்டு பக்கமும் கால விரிச்சுக்கிட்டுத் தானா நிக்கறது ஒண்ணு. மடிச்சு மடிச்சுப் பொட்டியாட்டப் பண்ணிக் கையில தூக்கிக்கறது ஒண்ணு. ஒண்ணுக்குள்ள ஒண்ணு சொருகியிருந்து, கயித்த இழுத்தா மேல மேலன்னு போயி டக்குனு லாக் விழுகறது ஒண்ணு. போர்டு வேலைக்கு அதுதான் செரின்னாரு கடைக்காரரு. அலுமினியம். வெள்ளிப் பாத்தரமாட்ட மின்னுச்சுங்க. ஒரு கையில தூக்கலாம்.

அப்பறம் அதுக்குண்டான லொட்டு லொசுக்கு வேற. மேல மாட்டற கொக்கி. செவுத்துலயுங் கண்ணாடியிலயும் படாம ஏணியச் சித்தத் தள்ளி நிறுத்தற முட்டுக்கம்பி. ஆணி, ஸ்பேனர் போட்டுப் படியில மாட்டிக்கற டப்பா. இடுப்புப் பெல்ட்டு. அவிய "ஏணி மட்டும் போதும் புள்ள"ங்கறாங்க. நான் உடுவனா? "ஒண்ணையும் உடாதீங்க, ஒட்டுக்காப் போடுங்க"ன்னு சொல்லிப்போட்டன். எதுக்கு? அவிய பத்தரமா இருக்கோணும்னுதான். அதுக்குத்தானுங்க இத்தனையும்.

கடைசீல கடைக்காரரு ஏணியச் சாய்ச்சு அடிக்காலக் காட்டினாரு. ரெண்டு காலுலயும் கருப்பா ரப்பர் மாட்டியிருந்துச்சு. "இதுதாங்கம்மிணி ஷூ"ன்னாரு. எனக்குச் சிரிப்புத் தாங்கல. ஏணிக்குச் செருப்பாம்! "ஏனுங்க, சாக்ஸ் தனியாக் குடுப்பீங்களா?"ன்னு கேட்டுப்போட்டன். கடையில இருந்தவங்க எல்லாருஞ் சிரிச்சாங்க. அவியளும் அன்னிக்குத்தான் வயிறு குலுங்கச் சிரிச்சாங்க. கடைக்காரரு மட்டும் சிரிக்காம அதப் பத்தி என்னமோ நெம்ப நேரஞ் சொல்லிக்கிட்டே இருந்தாரு. தேஞ்சா மாத்தோணும், அது இதுன்னு. சிரிச்ச சிரிப்புல எனக்கு ஒண்ணுங் காதுல ஏறல. புதுத் தரையில கீறல் விழுகாம இருக்கறதுக்குப் போலன்னு நெனச்சுக்கிட்டன். வேற எதுக்கு?

மத்ததெல்லாம் கேளுங்க, தூக்கத்துல எழுப்பினாலும் ஒப்பிப்பன். ஏணிய நட்டுக்கவும் சாத்தக் கூடாது, நெம்பப் படுக்கவும் சாத்தக் கூடாது. ஏறறப்ப ரெண்டு காலு ஒரு கை, இல்லாட்டி ரெண்டு கை ஒரு காலு, எப்பவும் ஏணியில இருக்கோணும். உச்சிப் படியில நிக்கவே கூடாது. எட்டலைன்னா எறங்கி ஏணிய நகத்தோணும், எக்கக் கூடாது. காலையில அவிய கெளம்பறப்ப வாசல்ல நின்னு கேள்வி கேப்பன். பதில் சொன்னாத்தான் டிபன் டப்பாவக் குடுப்பன். "டீச்சரம்மா, எனக்கு நேரமாச்சு"ம்பாங்க. நெசமான டீச்சருகிட்டச் சொல்றன் பாருங்க.

புது ஏணி வந்து மொத ஆயுத பூஜை வந்துச்சு. எங்கூட்டுல அது எனக்குத் தீவாளி மாதிரிங்க. டிரில்லிங் மிசினு, சுத்தியலு, கயிறு, வயரு, ஒண்ணு விடாம நானே கழுவித் தொடச்சுப் பொட்டு வெப்பன். சோறு போடற சாமானுங்க அதெல்லாம். ஏணியத் தூக்கிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால படுக்க வெச்சன். அப்பத்தான் பாத்தன், அந்த ரப்பர் செருப்பு ரெண்டுலயும் தாரு, சாக்கடைச் சேறு, நாய்ப்பீ, எல்லாம் அப்பிக் கெடக்குது.

நீங்களே சொல்லுங்க. சாமி முன்னால ஒருத்தரு செருப்புப் போட்டுக்கிட்டு வந்து நின்னா நம்ம உடுவமா? ஏணின்னா மட்டும் உட்டர்றதா? அவிய பொரியும் பூவும் வாங்கப் போயிருந்தாங்க. காலுக்கு ஒரு ஸ்குரூதான். கழட்டி, வாசல்ல எங்க செருப்போட செருப்பா ஸ்டாண்டுல வெச்சன். அப்பறம் ஏணிக்காலு ரெண்டையும் கழுவி, சந்தனம் குங்குமம் வெச்சு, மஞ்சத்துணிய ரெண்டாக் கிழிச்சுச் சுத்திக் கட்டி, மாவெல சொருகினன். இந்தா பாருங்க, மொளகாய முடிஞ்சு வெச்சிருக்கறது கூட அதே துணிதான். இந்தக் கருப்புக் கோடு மட்டும் எத்தன தொவைச்சும் போக மாட்டீங்குது. பூஜைத் துணி, வீசறதுக்கு மனசு வரல.

அவிய வந்து பாத்துட்டு, "ஏணிக்குப் பாவாடையே கட்டி உட்டுட்டியா புள்ள"ன்னு சிரிச்சாங்க. கலியாணப் பொண்ணு காலாட்ட அவ்வளவு லட்சணமா இருந்துச்சுங்க.

மறுநா விஜயதசமி. புதுத் துணிக்கடை ஒண்ணுக்குத் தெறப்பு, நல்ல நேரத்துல போர்டு ஏத்தோணும். வெள்ளென ரெண்டு பேரும் ஏணியத் தூக்கி வண்டியில வெக்கறாங்க. தண்டபாணி, "ஏனுங்கக்கா, இந்தத் துணிய அவுத்துரலாங்களா?"ன்னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. நல்ல நாளும் அதுவுமா பூஜை பண்ணினத அவுக்கறேங்கறான்! "வாயக் கழுவுடா. பொழுது சாயற வரைக்கும் அவுக்கப்படாது"ன்னன். அவியதான், "உடு தண்டபாணி, அவ மனசு நோகும்"னாங்க. அப்பறம் என்னப் பாத்து, "உள்ள எல்லாஞ் செரியா இருக்குதில்ல புள்ள?"ன்னு கேட்டாங்க. "நான் கழுவி வெச்சது செரியா இல்லாமப் போகுமா?"ன்னன். "செரி, அவுக்கல"ன்னு என்ற தலையில கைய வெச்சுச் சொல்லீட்டுப் போனாங்க. சொன்னபடியே அவுக்கலீங்க. அவிய அப்பிடி. எனக்கு ஒரு வாக்குக் குடுத்தா மாற மாட்டாங்க.

அன்னிக்கு நான் போனே பண்ணலீங்க. புது ஏணி, பூஜையும் போட்டாச்சு, எதுக்குப் பயப்படோணும்? எத்தனையோ வருசத்துக்கப்பறம் அன்னிக்குத்தான் வயிறு நெறைய நிம்மதியாத் தின்னன். சக்கரைப் பொங்கலு. ரெண்டாந் தடவ போட்டு வாயில வெக்கறன், பக்கத்தூட்டுப் பையன் ஓடியாறான்.

கடை வாசல்ல பூராவும் கிரானைட்டுக் கல்லாம். மூஞ்சி தெரியுமாம் அதுல. கோலம் போடறதுக்கு வேற தண்ணி தெளிச்சிருக்கறாங்க. மேல கொக்கிய மாட்டலாம்னா, முன்பக்கம் வழுவழுன்னு ஒரே கண்ணாடி, மாட்டறதுக்கு எடமில்ல. பெல்ட்டக் கோக்கறதுக்கும் ஒண்ணுமில்ல. கடைசி எழுத்து ஒண்ணுதான் மிச்சமாம். அத மாட்டறப்ப ஏணி அப்பிடியே கீழ்க்காலோட பின்னால ஓடிருச்சுன்னாங்க. பனி மேல ஓடறாப்புல ஓடிருச்சுன்னு அந்தத் துணிக்கடைக்காரப் பையன் சொன்னான். படிக்கட்டு முனையில இடுப்பு அடிச்சு விழுந்தாங்க.

ஆஸ்பத்திரியில தண்டபாணி என்ற காலப் புடிச்சுக்கிட்டு அழுவறான். "வழுக்கீருச்சுங்கக்கா." "வழுக்குமாடா? பூஜை பண்ணி அனுப்பிச்ச ஏணி எப்பிடிடா வழுக்கும்? நீ புடிச்சுக்கிட்டுத்தான இருந்த?" "புடிச்சிருந்தனுங்கக்கா. புடிச்சும் நிக்கல. அடியில காலுல..." அவ்வளவுதான் சொன்னான். கட்டில்ல இருந்து அவிய, "தண்டபாணி!"ன்னு ஒரு அதட்டுப் போட்டாங்க பாருங்க. அந்த வலியிலயும் அப்பிடி ஒரு சத்தம். தலைய இப்பிடியும் அப்பிடியும் ஆட்டினாங்க. வலி தாங்கலையாட்ட இருக்குதுன்னு நான் ஓடிப்போயி நெத்தியத் தடவினன். தண்டபாணி சித்த நேரம் அவியளையே பாத்துக்கிட்டு நின்னான். அப்பறம் என்ற பக்கந் திரும்பி, "நாந்தானுங்கக்கா கைய உட்டுட்டன்"னான்.

எப்பிடி இருந்திருக்கும் எனக்கு? அங்கயே அவன் கன்னத்துல மாத்தி மாத்தி அறைஞ்சன். அசையாம வாங்கிக்கிட்டான். வாசலுக்குத் தொரத்தி, மண்ண வாரித் தூத்தினன், நீ நல்லா இருப்பியாடான்னு. கடைவீதி பூரா ஒவ்வொரு கடையா ஏறிச் சொன்னன், ஏணியப் புடிக்கச் சொன்னா கைய உடற ஆளு இவன்னு. இப்ப ஒருத்தருங் கூப்புடறதில்ல அவன வேலைக்கு. பொண்டாட்டி மில்லுக்குப் போறா. ரெண்டு பொட்டப் புள்ளைங்க. ஒருக்கா அவ வந்து வாசல்ல நின்னா. என்ற மூஞ்சியவே பாத்துட்டுப் போயிட்டா. போகட்டும். எனக்குப் போனத விடவா?

ஆனா அவியளக் கேட்டா, "தண்டபாணி மேல தப்பில்ல கலா, நாந்தான் காலத் தவற உட்டுட்டன்"ங்கறாங்க. ஒருத்தன் கைய உட்டேங்கறான், ஒருத்தரு கால உட்டேங்கறாரு. எதையம்மிணி நம்பறது? காலத் தவற உடற ஆளா அவிய? தெனமும் நான் கேள்வி கேட்டு அனுப்பிச்ச ஆளு!

அப்பத்தான் எனக்கு ஏணிக்கடைக்காரரு மேல சந்தேகம் வந்துச்சு. மட்டமான ஏணியத் தலையில கட்டீட்டானோ? கடைக்கே போயி ஒரு கத்துக் கத்தி, அந்த மனுசன ஊட்டுக்கு இழுத்துட்டு வந்தன். ஏணி சந்துல சாத்திக் கெடந்துச்சு. லாக்கத் தட்டிப் பாத்தாரு, படிய ஆட்டிப் பாத்தாரு, எல்லாம் இரும்பாட்டத்தான் இருந்துச்சு. குனிஞ்சு அடிக்காலப் பாத்தாரு. "ஷூ எங்கம்மிணி?"ன்னாரு.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். "ஏய்யா, என்ற ஊட்டுக்காரர் எந்திரிக்க மாட்டாமக் கெடக்கறாரு, நீ செருப்பத் தேடறயா?"ன்னன். "இல்லீங்கம்மிணி, இது இல்லாம எப்பிடி..."ன்னு ஆரம்பிச்சாரு. உள்ள இருந்து அவிய கூப்புட்டாங்க. "அண்ணா, நீங்க உள்ளார வாங்க. கலா, நீ போயி டீ வெய்யி." நான் டீ வெச்சுக் கொண்டுக்கிட்டுப் போறதுக்குள்ள ரெண்டு பேரும் என்னமோ பேசி முடிச்சுட்டாங்க. அந்தாளு டீயத் தொடல. எந்திரிச்சு என்ற பக்கந் திரும்பி ஒரு கும்பிடு போட்டுட்டு, மூஞ்சியக் கூட நிமுந்து பாக்காமப் போயிட்டாரு. தப்புப் பண்ணாத மனுசன் எதுக்குங்க அப்பிடித் தலையத் தொங்கப் போட்டுக்கிட்டுப் போகோணும்? நீங்களே சொல்லுங்க.

ஜன்னல வேணும்னா நல்லாத் தொறந்துக்குங்க. காத்து வரட்டும்.

அந்தச் செருப்புன்ன ஒடனே ஞாபகம் வருது. எதுவும் ஒண்ணுக்கில்லாட்டி ஒண்ணுக்கு ஒதவுதுங்க. அவியள நான் ஒருத்திதான் பெரட்டிப் போடோணும். முதுகுல புண்ணு வந்துரும்னு டாக்டரு சொல்லியிருக்கறாரு. நான் இந்தப் பக்கம் அணைச்சுப் பெரட்டினா, கட்டிலு அந்தப் பக்கம் சர்ருனு ஓடீரும். ஊடெல்லாம் டைல்ஸுங்க. ஒருக்கா அவியளோட நானுஞ் சேந்து விழப் பாத்தன். அப்பறம் ஒரு நா வாசல் கூட்டறப்ப செருப்பு ஸ்டாண்டுல பாக்கறன், அந்த ரப்பர் ரெண்டும் வெச்சது வெச்சபடி கெடக்குது. வீணாக் கெடக்குதேன்னு எடுத்துக் கழுவி, உள்ளாரக் கொஞ்சம் துணியத் திணிச்சு, தலைமாட்டுக் காலு ரெண்டுக்கும் மாட்டி உட்டன். அம்மிணி, நீங்க நம்ப மாட்டீங்க. இழுத்துப் பாக்கறன், தள்ளிப் பாக்கறன், கட்டிலு அசையோணுமே! பாறையாட்டப் புடிச்சு நிக்குது.

எனக்குச் சந்தோசந் தாங்கல. "பாருங்க, எப்பிடிப் புடிச்சு நிக்குதுன்னு பாருங்க"ன்னு அவியளக் கூப்புட்டுக் காட்டினன். அவிய கண்ணு ரெண்டுலயும் பொலபொலன்னு தண்ணி. "நல்லாருக்குது கலா"ன்னாங்க. சொல்லீட்டுச் செவுத்துப் பக்கம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அன்னிக்குச் சோறே திங்கல. அப்பறம் ரெண்டொரு தடவ அத மாட்டின காலவே பாத்துக்கிட்டு நான் ஒக்காந்திருப்பனுங்க. நெஞ்சுக்குள்ள என்னமோ ஒண்ணு வந்து முட்டும். என்னன்னு புடிபடாது. ஒடனே எந்திரிச்சு ஏதாச்சும் வேலையப் பாக்கப் போயிருவன். சும்மா ஒக்காந்தா ஆகறதில்லீங்க எனக்கு.

என்னங்க, மொகம் ஒரு மாதிரியா ஆயிருச்சு உங்களுக்கு? நெடி ஏறிருச்சா? நாந்தான் அப்பவே சொன்னனே. இந்தாங்க, தண்ணி குடிங்க.

நேத்து, மொளகா அரைக்கப் போறன்னு சொன்னனோ இல்லையோ, அவிய கைய எட்டி என்ற முந்தானையப் புடிச்சுக்கிட்டாங்க. "வேண்டாம் கலா. ஆரு மேலயும் வேண்டாம். விழுந்தது நானு, நானே உட்டுட்டன், உனக்கென்ன?"ங்கறாங்க. என்னென்னவோ வேண்டிக்கிட்டுக் கெஞ்சறாங்க. அவிய கெஞ்சி நான் பாத்ததே இல்லீங்க. முந்தானையப் புடிச்ச புடிய உடவே இல்ல. ஏணிப்படியப் புடிச்ச கையில்லீங்களா, அந்தக் கையில மட்டும் பலம் அப்பிடியே இருக்குது. நான் ஒவ்வொரு விரலாப் பிரிச்செடுத்துட்டு வந்தன். எனக்கென்னவா? இதென்ன கேள்விங்க? எனக்குத்தான எல்லாம் போச்சு. எனக்குப் பாவம் பாக்கத் தெரியாது. அவியளுக்குப் பாவம் பாத்துப் பாத்துத்தான் இந்தக் கதி.

இன்னிக்குக் காலையில இன்னொரு கூத்து. பஸ் ஸ்டாண்டுல நிக்கறன், தண்டபாணி வந்து எதுத்தாப்புல நிக்கறான். தாடியும் அவனுமா, பாக்கச் சகிக்கல. அவிய போன் பண்ணிச் சொல்லியிருக்கறாங்க. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டன். "அக்கா, ஒரே ஒரு வார்த்த"ன்னான். "அரைக்கறதுன்னா என்ற பேரச் சொல்லி அரைங்க. தண்டபாணின்னு பேரச் சொல்லி அரைங்க. பேரச் சொல்லாம மட்டும் அரைச்சுப் போடாதீங்கக்கா. உங்க கால்ல வேணும்னாலும் விழுகறன்"னு அத்தன சனத்துக்கு முன்னால தரையில விழுந்துட்டான்.

எந்த ஊர்லயாச்சும் நடக்குமுங்களா இது? என் மேல அரை, எனக்கு எரியட்டும்னு எவனாச்சும் வந்து கேப்பானா? ரெண்டு பொட்டப் புள்ளைங்கள வெச்சுக்கிட்டு? அத யோசிச்சுக்கிட்டேதான் உங்க பக்கத்துல வந்து ஒக்காந்தன். நெசமாலுமே கைய உட்டவன் அப்பிடிக் கேக்க மாட்டான். அப்ப இவன் இல்ல. கடைக்காரருதான்னு அடிச்சுச் சொல்லவும் முடியல, ஏணியில ஒரு கொறையும் இல்லைன்னு நானே பாத்தன். எல்லாரும் எதையோ எங்கிட்ட மறைக்கறாங்க அம்மிணி. அது மட்டும் எனக்குத் தெரியுது. ஆரையோ காப்பாத்தறாங்க. மூணு ஆம்பளைங்களும் சேந்துக்கிட்டு ஆரையோ காப்பாத்தறாங்க. அப்பிடிப்பட்ட மகராசி, இல்ல மகராசன், ஆருங்க அது?

அதனால பேரே சொல்லப் போறதில்லீங்க. போன்ல பூசாரிகிட்டக் கேட்டுட்டன். பேரு தெரியலைன்னாப் பரவால்லம்மா, "இதுக்குக் காரணமானது ஆரோ அவங்களுக்கு"ன்னு சொல்லி அரைச்சா அம்மனே தேடிப் போயிருவான்னாரு. எங்க ஒளிஞ்சிருந்தாலும் போயிருவாளாம். வாசப்படி தாண்டி, ஊட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்தாலும்.

கோயில் ஸ்டாப்பு வந்துருச்சுங்களா? ஆமா, கோபுரந் தெரியுது. பையக் குடுங்க.

என்னங்க? கைய எதுக்குங்க புடிச்சுக்கறீங்க? சொல்லுங்க. என்னமோ சொல்ல வாறீங்களே, சொல்லுங்க.

ஒண்ணுமில்லீங்களா? செரி. ஏனுங்கம்மிணி, நீங்களுமா அழுவறீங்க? பாவம், நெடி உங்களுக்குச் சேரல. நல்ல மனசுங்க உங்களுக்கு. கண்டக்டரு விசில் ஊதறாரு, கைய உடுங்க, நான் எறங்கறன். நீங்க டேமுக்குப் போற வழியில, ஆரோ ஒருத்தி பஸ்ஸுல சொன்னான்னு எனக்காக ஒரு வார்த்த வேண்டிக்குங்க. நான் அரைக்கறது பலிக்கோணும்னு வேண்டிக்குங்க.